நான் மாற்றிக் கொடுத்த பொட்டலம்

மருதாணிப் பொடி விற்கத் தொடங்கிய முதல் வருஷம் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே ஒரு சப்பைக்கட்டுதான் என்றும் தெரிகிறது.

என் வீடு அருப்புக்கோட்டையில். கணவர் ஒரு தறிக்கூடத்தில் மேஸ்திரி. பிறந்த வீடு பாலவனத்தம் பக்கம். அங்கே அண்ணனும் மதினியும் பருத்தியும் சோளமும் போட்டுப் பிழைத்தார்கள். புஞ்சையைச் சுற்றி ஆடு நுழையாமலிருக்க மருதாணியை வேலியாக வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் வளர்ந்து ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்குப் பகல் முழுக்கச் சும்மா கிடந்தது. இந்த இலையைக் காயவைத்து அரைத்து விற்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். அண்ணன் சிரித்தார். மதினிதான், "செய்யேன் தாயி. இலை நான் பறிச்சுத் தாரேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். வெயிலில் போட்டால் பச்சை போய்விடும் என்று நிழலில் உலர்த்தி, காம்பு பொறுக்கி, சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். நான் சீயக்காய் அரைக்கிற மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போய் அரைத்து, துணியில் சலித்து, பையில் அடைப்பேன். பையின் மேல் பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தேன்: "நூறு சதவீதம் இயற்கை மருதாணி. பக்கவிளைவு இல்லாதது." அந்த வருஷம் அது உண்மையாக இருந்தது. குறைந்தபட்சம் முதல் வரி உண்மையாக இருந்தது.

இரண்டாவது வருஷம் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். "யக்கா, தல செம்பட்டையால்ல தெரியுது. மருதாணி போட்டுருக்கேன்னு ஊருக்கே தெரியுது" என்றாள் எதிர்வீட்டுப் பெண். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், "கருப்பா வாரதுன்னா குடும்மா, இல்லன்னா வேண்டாம்" என்று பாதிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். மருதாணி சிவக்கத்தான் செய்யும். வெள்ளை முடியைக் கருப்பாக்க அதனால் ஆகாது. இதை நான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

அழகுசாமான்களை மொத்தமாக விற்கிற கடை ஒன்றில், எழுத்தே இல்லாத பிளாஸ்டிக் பையில் ஒரு பொடி கொடுத்தார்கள்.

"இது என்ன பொடிண்ணே?"

"கருப்புப் பொடிம்மா. மருதாணி விக்கிறவுக நெறையப் பேரு இதத்தான் கலக்குறாக. கொஞ்சூண்டு போட்டாப் போதும். ஒரு மணி நேரத்துல கன்னங்கரேல்னு ஏறிரும்."

"இதுவும் இயற்கைதானா?"

கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஆமாம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் தடவை கலந்தபோது அதன் நெடி மூக்கில் ஏறியது. மணிக்கட்டில் சிந்திய இடம் சாயங்காலம் வரை எரிந்தது. மறுநாளிலிருந்து ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் வரவிடவில்லை. என் கையில் படக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. மற்றவர்கள் தலையில் படலாம் என்றும் நினைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே மனசில் எப்படி இருந்தன என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை.

என் தலையில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. பையின் மேலிருந்த எழுத்தை மாற்றவில்லை. பொடி நன்றாக ஓட ஆரம்பித்தது. கருப்பு மருதாணி அக்கா என்றே தெருவில் கூப்பிட்டார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மதினிக்கு நான் கலப்பதைச் சொல்லவில்லை. அவர் பறித்து அனுப்பிய இலை அப்படியே பொட்டலமாகித் திரும்பி வருகிறது என்று நினைத்திருந்தார். அவரும் தலைக்குப் போட்டுக்கொண்டார். இரண்டு மூன்று தடவை ஆன பிறகு, "காதோரத்துல லேசா அரிக்குது தாயி" என்றார் ஒருமுறை. "புது இலை கொஞ்சம் காரமா இருக்கும் மதினி" என்றேன். இலைக்கு ஏது காரம்? ஆனால் வாயில் உடனே வந்தது.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். ஒரே பெண். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. மதினி வியாழக்கிழமை தலைக்குப் பொடி போட்டுக் குளித்திருக்கிறார். சனிக்கிழமை காலை அண்ணன் போன் பண்ணினார். "மதினிக்கு மூஞ்சி வீங்கிருச்சுத்தா. கண்ணு தொறக்க முடியல. டவுனுக்குக் கூட்டிட்டு வாரேன், நீயும் வா" என்றார்.

டாக்டர் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இமைகள் இரண்டும் உப்பி ஒட்டிக்கிடந்தன. நெற்றியோரம் முழுக்க நீர்க் கொப்புளம். காதுக்குப் பின்னால் நீர் வடிந்து, சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் கையைப் பிடித்து நடத்திவந்தார்.

டாக்டர் பார்த்தவுடன் கேட்டார். "தலைக்கு டை போட்டீங்களா?"

"இல்ல டாக்டர். மருதாணிதான். எங்க வேலியில நானே பறிச்ச இலை. இந்தா, இது அரைச்சுக் குடுத்துச்சு" என்று, கண் தெரியாமலே, நான் நின்ற பக்கமாகக் கையைக் காட்டினார் மதினி.

"வேற எதுவும் கலக்கலையே?" டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்."

"அந்தப் பொடிய நான் ஒரு தடவ பாக்கணும். கொண்டு வர முடியுமா?"

"போய் எடுத்துட்டு வாத்தா" என்றார் அண்ணன்.

என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. அலமாரியில் இரண்டு டப்பா இருந்தது. ஒன்றில் கலந்த பொடி. இன்னொன்றில் கைக்கு வைக்கக் கேட்பவர்களுக்காகக் கலக்காமல் வைத்திருந்த வெறும் இலைப்பொடி. எதை எடுப்பது என்று நான் நின்று யோசிக்கவில்லை. யோசித்து, தவித்து, தவறியிருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். நேராக இரண்டாவது டப்பாவைத் திறந்தேன். புதுப் பை ஒன்றை எடுத்து நிரப்பினேன். ஏற்கெனவே பிரித்துப் பயன்படுத்தியது போல இருக்கட்டும் என்று ஓரத்தைக் கிழித்துப் பாதியைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினேன்.

டாக்டர் உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார். தண்ணீர் விட்டுக் குழைத்தார். பச்சையாகத்தான் இருந்தது. மருதாணி வாசம்தான் அடித்தது.

"சுத்தமான இலையாத்தான் தெரியுது. அப்ப உங்களுக்கு மருதாணியே சேரல. சில பேருக்கு அப்படி இருக்கும். இனிமே இதத் தொடவே கூடாது" என்று சொல்லி, சீட்டில் எழுதினார்.

"பொறந்ததுல இருந்து இதுக்குள்ளயே கெடக்குறேன் டாக்டர். இப்பவா சேராமப் போச்சு?" என்றார் மதினி.

டாக்டர் பதில் சொல்வதற்குள் நான் சொன்னேன். "வயசாக ஆக ஒடம்பு மாறும் மதினி. முந்தாநாள் கருவாடு வேற சாப்பிட்டீக."

மறுநாள் கல்யாணம் நடந்தது. மதினி மணவறைக்கு வரவில்லை. ஊசியில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது, ஆனாலும், "போட்டோவுல காலத்துக்கும் இந்த மூஞ்சி நிக்க வேண்டாம். பிள்ள பாக்குறப்பெல்லாம் வருத்தப்படும்" என்று மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டார். பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும் அவளைத் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்க, பெண்ணின் அம்மா இடத்தில் யாராவது வேண்டும் என்று என்னை நிறுத்தினார்கள். பட்டுச்சேலை கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். என் தலை அதே பொடியில் கருகருவென்று இருந்தது. இரண்டு பேர் அதைச் சொல்லிப் பாராட்டினார்கள். தாலி கட்டும்போது மேளச் சத்தம் உச்சத்துக்குப் போனது. நான் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதத்தில் அண்ணன் அந்த மருதாணி வேலியை அடியோடு வெட்டிப் போட்டு, கம்பி வேலி அடித்தார். "அவ அங்கதான் களை எடுக்கணும். காத்துல பட்டாலும் ஆகாதுல்ல" என்றார். வெட்டிய செடி காய்ந்து கிடந்ததை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஒரு குற்றமும் செய்யாத செடி. அதற்குப் பிறகு திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இலை வாங்க ஆரம்பித்தேன். கருப்புப் பொடியை நிறுத்தினேனா என்றால், இல்லை. கொஞ்சம் குறைத்துக் கலந்தேன். குறைத்ததை நல்ல காரியம் செய்தது போல மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக மதினி தலைக்கு எதுவும் போடவில்லை. மகளுக்கு வளைகாப்பு வைத்தபோது போன் பண்ணினார். "கல்யாணத்துலதான் மூஞ்சி காட்ட முடியாமப் போச்சு. வளைகாப்புக்காவது நல்லபடியா நிக்கணும் தாயி. மருதாணிதானே எனக்குச் சேரல. கடையில விக்கிற கருப்பு டை போட்டுக்கிடலாமா?"

டையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு டாக்டர் எடுத்த எடுப்பில் டை போட்டீர்களா என்றுதான் கேட்டார். அது என் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்.

"கம்பெனி டைதானே மதினி. ஒண்ணும் செய்யாது" என்றேன்.

டவுனில் ஒரு பார்லரில் போய்ப் போட்டுக்கொண்டார். மருதாணி சேராது என்று அங்கேயும் சொல்லியிருக்கிறார். "இதுல மருதாணியே கெடையாதும்மா, தைரியமா போடலாம்" என்றிருக்கிறார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் முகமும் கழுத்தும் வீங்கி, தொண்டை அடைத்து மூச்சு இழுத்திருக்கிறது. இந்தத் தடவை அருப்புக்கோட்டையில் நிறுத்தாமல் நேராக மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். அண்ணன் வெளியே சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வளைகாப்பு நின்றுபோனது.

மூன்றாம் நாள் தோல் டாக்டர் வந்தார். அவர் ஒரு பெண். பழைய சீட்டை வைத்துக்கொண்டு மதினியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். நானும் இருந்தேன்.

"போன தடவ வெறும் மருதாணி, இந்தத் தடவ டை. ரெண்டுக்கும் ஒரே மாதிரி வந்திருக்கு. எனக்கு இது இடிக்குது. மருதாணியால ஒவ்வாமை வரவே வராதுன்னு சொல்ல முடியாது. ஆனா இப்படி மூஞ்சியே வீங்குறது பெரும்பாலும் டையில இருக்கிற கருப்பு ரசாயனத்தாலதான். மொதத் தடவ ஒண்ணும் தெரியாது. உடம்பு ஒருதடவ அத வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா, அப்புறம் ஒவ்வொரு தடவையும் கூடத்தான் செய்யும். நிச்சயமா அந்தப் பொடியில ஒண்ணும் கலக்கலையா?"

"கலக்கலைம்மா" என்றார் மதினி. தொண்டை கட்டிப்போய்க் குரல் கீச்சென்று வந்தது. "எங்க நாத்தனா கைப்பொடி. அதுல ஒண்ணும் இருக்காது."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் பின்னாலேயே எழுந்து போனேன். நடைபாதையில் அவரை நிறுத்திச் சொன்னேன். கலந்தது, எங்கே வாங்கினேன், எவ்வளவு கலந்தேன், அன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பொட்டலம் வேறு என்பது, எல்லாம். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"இப்பவும் அதத்தான் விக்கிறீங்களா?"

"ஆமா."

எழுதுவதை நிறுத்தினார். "கைக்குழந்தைகளுக்கு மருதாணி வைக்கவும் உங்ககிட்ட வாங்குறாங்களா?"

"கைக்கு வெறும் இலைதான் குடுப்பேன்."

"வெறும் இலையும் கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். சில குழந்தைகளுக்கு அதுவே ரத்தத்தக் கெடுத்துரும். இயற்கைன்னு எழுதிட்டா எல்லாருக்கும் சேரும்னு அர்த்தமில்ல. கலந்து விக்கிறத இன்னைக்கே நிறுத்துங்க. அவங்களுக்கு இது முழுசா ஆறின பின்னாடி ஒட்டுப் பரிசோதனை செஞ்சு உறுதிப்படுத்தலாம்." பிறகு, "அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றார்.

நானே சொல்கிறேன் என்றேன். சாயங்காலம், அண்ணன் டீ வாங்கப் போன நேரத்தில் சொன்னேன். மதினி மேலே ஓடிய காற்றாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னைக்கு டாக்டரு கேட்டப்ப வீட்டுக்குப் போயிட்டு வந்தியே. அப்பவே மாத்திட்டியா?"

"ஆமா மதினி."

"பொடியக் கலந்தத விடு. ஊர்ல நாலு பேரு செய்யுறாகன்னு வெவரம் தெரியாமச் செஞ்சுட்ட. நான் கண்ணு தெரியாம அங்க ஒக்காந்திருந்தேன் தாயி. என்னையப் பாத்துட்டுத்தான போன? போய், வேற பொட்டலம் கட்டிக் கொண்டாந்துருக்க."

நான் அவர் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"ஒங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா ஒன்னையக் காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும்."

அண்ணனிடம் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னேன். டீத் தூக்கைக் கையில் பிடித்தபடி கேட்டார். "அந்த வேலிய வெட்டுனப்ப நீ ஒரு வார்த்த சொல்லலையே" என்று மட்டும் சொன்னார். அதோடு உள்ளே போய்விட்டார். இதெல்லாவற்றிலும் அவருக்கு வேலிதான் முதலில் நினைவுக்கு வந்தது என்பது அப்போது எனக்கு விநோதமாக இருந்தது. பிறகு புரிந்தது. அவர் கையாலும் நான் ஒரு பொய்யைச் செய்யவைத்திருக்கிறேன்.

மீதியிருந்த கருப்புப் பொடியை டாக்டரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். மதுரைக் கடைக்கும் போனேன். "எங்க பொடியில ஒண்ணும் இல்லம்மா, அவுக ஏதாவது சாப்பிட்டிருப்பாக" என்றார் கடைக்காரர். நான் மதினியிடம் சொன்னதையே அவர் என்னிடம் சொன்னார். சண்டை போடப் போனவள் அப்படியே பஸ் ஏறினேன்.

வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். அருப்புக்கோட்டைத் தெருக்கள், மல்லாங்கிணற்றில் என்னிடம் வாங்கி விற்ற இரண்டு கடைகள், திருச்சுழியில் ஒரு தையல்காரம்மா. வாசலில் நின்று, அதில் ரசாயனம் கலந்திருக்கிறது, போடாதீர்கள், மீதி இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்றேன். ஒருவர் பொட்டலத்தை என் மேல் எறிந்தார். அதை வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது. எதிர்வீட்டுப் பெண், "அய்யய்யோ, அப்ப இனிமே கருப்புக்கு எங்க போறது யக்கா?" என்று கேட்டாள். தையல்காரம்மா சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்கும் ரெண்டு மாசமா கழுத்துப் பொடனியெல்லாம் அரிச்சுப் புண்ணாத்தாம்மா கெடக்கு. சொன்னா நீங்க சங்கடப்படுவீகளேன்னு சொல்லல" என்றார். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று ஒருத்தி புண்ணோடு இருந்திருக்கிறாள்.

இப்போதும் இலைப்பொடி விற்கிறேன். பையில் இயற்கை என்ற வார்த்தை இல்லை. சிவப்பாகத்தான் வரும், முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள், குழந்தைகளுக்குப் போடாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. முன்பு வாங்கியவர்களில் பலர் வருவதில்லை.

மதினிக்கு ஒட்டுப் பரிசோதனை செய்தார்கள். முதுகில் சின்னச் சின்னத் துண்டுகளாக மருந்து ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பிரித்தார்கள். இலை ஒட்டிய இடம் சுத்தமாக இருந்தது. டையின் கருப்பு ஒட்டிய இடம் கொப்பளித்திருந்தது. நெற்றியோரத்தில் கருத்த தழும்பு இன்னும் போகவில்லை. முன்னுச்சியில் முடி மெலிந்துவிட்டது. தலை முழுக்க வெள்ளை. என்னிடம் பேசுகிறார். கேட்டதற்குப் பதில் சொல்கிறார். தாயி என்று கூப்பிடுவதில்லை.

மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் பார்க்கப் போனேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அத்த, கையக் கழுவிட்டுத் தூக்குங்க" என்றாள் அண்ணன் மகள்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுது" என்று மதினி அடுப்படியிலிருந்து சொன்னார். அவசரமாகச் சொன்னார்.

கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைத்துக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கினேன். அது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தது. அண்ணன் மகள் பக்கத்திலேயே நின்றாள். நான் திருப்பிக் கொடுக்கும் வரை நகரவில்லை.